பொடனிக்குப் போன கவனம்

எனக்கு மூளை மங்கிக்கொண்டு வருகிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்பு பொய்யாகிப் போனது. அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன். இல்லையென்றால் நான் பேனா பிடிக்கிற ஆளே இல்லை, ஸ்டியரிங் பிடிக்கிற ஆள்.

சிம்மக்கல்லில் எடுத்து, விளாங்குடி வழியாகப் பரவை போய்த் திரும்புகிற ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் நான் டிரைவர். என் தலை நரைத்தது இந்த ரூட்டில்தான். எந்த வளைவில் மாடு படுத்திருக்கும், எந்த டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரைப் பார்க்காமல் ரோட்டில் வீசுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். 'அண்ணே பிரேக் போட்டா மடியில இருக்க குழம்புத் தூக்குகூட அலுங்காது' என்று சொல்வார்கள். நானும் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப் போவேன். பெருமை இல்லாத டிரைவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

பஸ் ஓட்டுவது ஓர் ஆள் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் கிடையாது. முன்னால் இருக்கிற ரோடு டிரைவருடையது, பின்னால் இருக்கிற ஜனம் கண்டக்டருடையது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது விசில் ஒன்றுதான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. படியில் ஒரு கால் வைத்து ஒரு கால் தரையில் இருக்கிற கிழவியின் உயிர் அந்த இரண்டாவது விசிலில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் வண்டியை நகர்த்துகிறவன் டிரைவரே இல்லை.

பழைய கண்டக்டரும் நானும் பல வருசம் ஒரே வண்டியில் ஓடினோம். அவன் விசிலை நான் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அது தானாக வந்து காதில் விழும், கால் தானாகக் கிளட்சுக்குப் போகும், நான் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்பது வேறு, காதில் விழுவது வேறு. அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது. மகன் கூப்பிட்டான் என்று அவன் குடும்பத்தோடு திருப்பூர் போய்ச் சேர்ந்தான், அவன் இடத்துக்குப் பாய் வந்தார்.

பாய்க்குச் சிம்மக்கல் பக்கம் பழைய ஊருக்குள் ஒரு சந்தில் வீடு. வெளியூர் பஸ்களில் பல காலம் கண்டக்டராக இருந்தவர், அலைச்சல் போதும் என்று டவுன் பஸ்ஸுக்கு வந்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்தான், ஆனால் பார்த்த முதல் நாளே 'மாப்ள' என்று கூப்பிட்டுவிட்டார். நல்ல நிறம், வெட்டிவிட்ட தாடி, சிரித்தால் வெள்ளை வெளேரென்று வரிசையான பல். 'இந்த வயசுல இம்புட்டு அழகா பல்ல வச்சிருக்காரே மனுசன்' என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. டீக்கடையில் வடை வாங்கினால் டீயில் முக்கித்தான் சாப்பிடுவார். அது அவர் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

பாய் வந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சனி பிடித்தது. விளாங்குடி ஸ்டாப்பில் வண்டி நிற்கிறது. ஏறுகிறவர்கள் ஏறியாயிற்று. நான் விசிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். விசில் வரவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டிரைவரண்ணே, விசில் குடுத்து எம்புட்டு நேரமாச்சு! தூங்கிட்டீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியில் பார்த்தால் பாய் வாயில் விசிலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. தினமும் இதே கதைதான். ஸ்டாப்புக்கு ஸ்டாப் எவனாவது ஒருவன் கத்துவான். இறங்க வேண்டியவர்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய், 'எறங்கணும், எறங்கணும்' என்று பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவார்கள்.

காது போய்விட்டது என்றுதான் நினைத்தேன். 'பாய், கொஞ்சம் சத்தமா ஊதுங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? டிரைவருக்குக் காது மந்தம் என்று ஒரு சொல் கிளம்பினால், சிம்மக்கல்லில் கிளம்பி நான் பரவை போய்ச் சேருவதற்குள் அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பதிலாகக் காதைத் தீட்டிக்கொண்டேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று பிடித்துப் பிடித்துக் கேட்டேன். நிமிசத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில் பாயின் வாயைப் பார்த்தேன். ஓடுகிற வண்டியில் விசிலே இல்லாத இடத்திலும், வருமோ வருமோ என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பிரேக் பிந்த ஆரம்பித்தது.

முதல் தடவை சிம்மக்கல்லிலேயே. முன்னால் போன ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. ஆட்டோ என்றால் திடீரென்றுதான் நிற்கும், அது எனக்குப் புதுசா? ஆனால் போய் அதன் பின்பக்கத்தில் லேசாக முட்டிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உடைந்தது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "என்னண்ணே, பிரேக்கு இருக்கா, இல்ல வித்துத் தின்னுட்டீகளா?" என்றார். வழக்கமாக என்றால் நானும் இறங்கி அவர் பரம்பரையையே விசாரித்திருப்பேன். அன்றைக்கு விளக்குக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டாவது தடவை நடந்தது விளாங்குடியைத் தாண்டி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து பரவையில் விற்கிற ஓர் அம்மா, தலையில் கூடையோடு ரோட்டைக் கடந்தார். அவர் வருவதை நான் பார்த்தேன். பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் கால் போகவில்லை. கண் பார்த்ததற்கும் கால் போனதற்கும் நடுவில் ஒரு பள்ளம் மாதிரி என்னவோ இருந்தது. அந்தப் பள்ளத்தில் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பிரேக்கை மிதித்தபோது அந்த அம்மா பின்னால் குதித்துத் தப்பியிருந்தார். கூடை கவிழ்ந்து மல்லிகையும் அரளியும் ரோடெல்லாம் கிடந்தன.

"ஏப்பா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அந்த அம்மா கத்தினார். "என்னைய அடிச்சுப் போட்டுட்டு, என் கூடை மாலையையே எனக்குப் போடலாம்னு பாத்தியா?"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். இறங்கிப் போய் அந்த அம்மாவோடு சேர்ந்து பூவை அள்ளினேன். அவர் திட்டிக்கொண்டேதான் அள்ளினார், ஆனால் பூவைக் கூடைக்கு வெளியிலேயே போட்டுக்கொண்டிருந்த என் கையைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டார். "சரி போ, எனக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி கிண்ணி குடிச்சிட்டு எடு" என்றார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளிடம் எதையும் மறைத்து வைக்க முடியாது, மூஞ்சியைப் பார்த்தே கேட்டுவிடுவாள். கேட்டு முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சமையலுக்கு நடுவில் அவள் உட்காருவது எங்கள் வீட்டில் பெரிய செய்தி. அப்புறம் மெதுவாக, "உங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தானங்க ஆரம்பிச்சுச்சு" என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே தோட்டத்தில் இருந்த என் பெரியப்பாவைக் கூப்பிட்டால், முதலில் கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரொம்பக் கழித்துத் திரும்பினார். கடைசியில் தன் தோட்டத்திலிருந்து தன் வீட்டுக்கு வழி தெரியாமல் வரப்பில் உட்கார்ந்து அழுதார். எங்களுக்கு அந்த ரத்தம்தானே! காதும் கேட்கவில்லை, காலும் பிந்துகிறது. வரிசையாக எல்லாம் கழன்று போகப் போகிறது என்று நினைத்தேன். வண்டி போனால் போகட்டும், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பஸ் ஜனத்தை உட்கார வைத்துக்கொண்டு, கண் பார்த்ததைக் கால் கேட்காத ஒருவன் ஓட்டலாமா? பயந்து போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சாப்பாடு இறங்கவில்லை.

பூக்கூடை விவகாரம் முதலாளி காதுக்குப் போகாமல் இருக்குமா? கூப்பிட்டார். நல்ல மனுசன், சத்தம் போடவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. ரோட்டுல போறதும் நம்ம சனம்தேன். ஒரு தடவ செக் பண்ணிட்டு வந்து சாவிய வாங்கிக்கங்க" என்றார்.

சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வைக்கும்போது எழுந்த அந்தச் சின்னச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

மாட்டுத்தாவணிப் பக்கம், டிரைவர்களைச் சோதிக்கிற ஓர் இடம் இருந்தது. மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள். "நீ எதுக்கு? அங்க என்ன கல்யாணமா நடக்குது?" என்றேன். "டாக்டர் சொல்றத நீங்க பாதிதேன் வீட்டுக்குக் கொண்டுவருவீக. மீதிய யாரு கேக்குறது?" என்றாள்.

முதலில் காதைச் சோதித்தார்கள். வயசுக்கு ஏற்ற காது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குறையில்லாத காதுக்கு விசில் ஏன் கேட்கவில்லை? அப்படியானால் கோளாறு இன்னும் உள்ளே, மூளையில்தான் என்று இன்னும் பயந்தேன்.

பிறகு ஒரு ரூமுக்குள் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு சீட், ஒரு ஸ்டியரிங், கீழே பிரேக், எதிரே ஒரு திரை. சோதனை பண்ணுகிற பொண்ணு சின்ன வயசு, எங்கள் பக்கத்துப் பேச்சு. "அண்ணே, செகப்பு தெரிஞ்சதும் பிரேக்க மிதிங்க, அம்புட்டுத்தேன்" என்றாள். நான் மிதித்தேன். சிவப்பு வந்தது, மிதித்தேன். வந்தது, மிதித்தேன். என் கால் எனக்கே தெரிந்த பழைய கால் மாதிரி இருந்தது. அந்தப் பொண்ணு திரையைப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றாள்.

மனைவி பின்னால் இருந்து பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் எனக்குச் சந்தோசம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. "தாயி, இது ரூமு. இங்க நல்லாத்தேன் மிதிக்கிறேன். ரோட்டுலதேன் கால் போக மாட்டேங்குது" என்றேன்.

அந்தப் பொண்ணு யோசித்தாள். பிறகு என் காதில் ஹெட்போனை மாட்டினாள். "இதுல மழை சத்தம் மாதிரி ஒண்ணு வரும். நடுவுல அப்பப்ப சின்னதா ஒரு மணி அடிக்கும். மணிய விடாம எண்ணிக்கிட்டே வாங்க. செகப்பு வந்தா வழக்கம்போல பிரேக்கு" என்றாள்.

இரைச்சலுக்குள் மணி ஒளிந்து ஒளிந்து அடித்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு துரத்தினேன். சிவப்பு வந்தது. பார்த்தேன். கால் போகவில்லை. அதே பள்ளம்! ரோட்டில் பூக்கார அம்மா முன்னால் வந்த அதே பள்ளம்! ஒரு நொடி கழித்து மிதித்தேன். "இதுதேன், இதேதேன்!" என்று ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுக் கத்தினேன். வியாதியைக் கண்டுபிடித்ததற்கு இவ்வளவு சந்தோசப்பட்டவனை அந்தப் பொண்ணு பார்த்திருக்க மாட்டாள்.

"இது வியாதி இல்லண்ணே, எல்லாருக்கும் இப்படித்தேன்" என்று சிரித்தாள். "நம்பிக்கை இல்லாட்டி அக்காவ உக்காரச் சொல்லுங்க."

என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்பு வந்ததும் மிதித்தாள் பாருங்கள், என்னைவிட வேகம்! பொங்குகிற பாலை இறக்கிப் பழகின ஆள். 'எப்படி?' என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பொண்ணு என் பக்கம் குனிந்து, "அக்கா மிதிக்கிறப்ப அவங்ககிட்ட ஏதாச்சும் பேசுங்கண்ணே, அவங்களுக்கு முக்கியமானதா" என்றாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, காலையில உன் தம்பி பொண்டாட்டி போன் பண்ணுச்சு" என்றேன்.

"என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டு அவள் முழுசாகத் திரும்பிவிட்டாள். திரையில் சிவப்பு வந்து, நின்று, போயே போய்விட்டது. பிரேக் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். போன் எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும் அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதற்கு வீட்டில் எனக்குத் தனியாகக் கிடைத்தது, அது வேறு கதை.

அந்தப் பொண்ணு சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கண் பார்த்து, மூளை 'நிறுத்து' என்று முடிவு பண்ணி, கால் அமுக்குவதற்குள் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும். எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் போகும். கவனம் ரோட்டில் இருந்தால் அந்த நேரம் சுருங்கும். கவனம் வேறெங்கோ போயிருந்தால், கண் பார்த்தது வாசலிலேயே காத்துக் கிடக்கும்.

"பஸ்ஸுல ஒரே கண்டக்டர்தானண்ணே" என்றாள். "பின்படியில டிக்கெட் குடுத்துக்கிட்டு நிக்கிறப்ப முன்படியில யாரு ஏறுறாங்கன்னு அவரால பாக்க முடியாதுல்ல? மண்டைக்குள்ளயும் அப்படித்தேன். கவனிக்கிற ஆளு ஒருத்தர்தேன். உங்க ஆளு மொடாக் குடியனும் இல்ல, நோயாளியும் இல்ல. எங்கயோ வேற படியில நிக்கிறாரு. எங்கன்னு நீங்கதேன் பாக்கணும்."

எங்கே என்று எனக்கு அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. அந்தப் பூக்கார அம்மா ரோட்டில் நின்று கத்தியதே மிகச் சரியான வைத்தியம். என் கண் முன்னால்தான் இருந்தது. கவனம்தான் பிடரிப் பக்கம், பொடனிக்குப் போயிருந்தது. வராத விசிலுக்காக முதுகுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நான் முன்பக்கமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்!

பெரியப்பாவின் வியாதி எனக்கு இல்லை. வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது அது முழுசாக உறைத்தது. இரண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம். எனக்கு அழுகை வந்தது. "ரோட்டுல வச்சு அழுகாதீக, நான் அடிச்சேன்னு நெனைப்பாக" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் முந்தானையை எடுத்தாள்.

முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் எனக்குத் தெரியும், ஓட்டை இன்னும் அடைபடவில்லை. காது நன்றாக இருக்கிறது, மூளை நன்றாக இருக்கிறது என்றால் விசில் ஏன் கேட்கவில்லை? அது தெரியாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று முடிவு பண்ணி, பாயைச் சிம்மக்கல் டீக்கடைக்குத் தனியாகக் கூட்டிப் போனேன்.

"பாய், மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீக. உங்க விசில் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. காது டெஸ்ட் எடுத்தேன், நல்லா இருக்குங்கறாங்க. அப்ப எங்க கோளாறு?"

பாய் முகம் செத்துவிட்டது. டீயைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "மாப்ள, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இவருக்கு நெஞ்சு வியாதி, மூச்சு வாங்குகிறது, அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார் என்று நினைத்துவிட்டேன். சத்தியம் பண்ணினேன்.

"பல்லு" என்றார் பாய்.

"பல்லுக்கென்ன?"

"என்னுது இல்ல மாப்ள. மேல்வரிசை பூராம் செட்டு. ஒரு மாமரத்துல ஏறி விழுந்தேன்னு வச்சுக்க, அந்தக் கதை வேணாம். செட்டு கட்டி ரொம்ப நாளாகல, லூசு. அழுத்தி ஊதுனேன்னா விசிலோட சேந்து பல்லும் வெளிய வந்துரும். காலேஜ் பிள்ளைக ஏறுற பஸ்ஸு! அம்புட்டு சனத்துக்கு முன்னாடி பல்லு பறந்து விழுந்தா, அல்லாவே, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டிக்கெட் கேப்பேன்? அதான் பைய ஊதுறேன். காத்துதேன் வருது."

சிரிப்பா கோபமா, எது முதலில் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"யோவ் பாய்! உம்ம பல்லுக்காக நான் கிறுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு பயந்து போயி மண்டைய டெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கேன்யா! என் பொண்டாட்டி சாமிக்கு நேர்ந்துக்கிட்டா தெரியுமா?"

"நான் மட்டும் என்ன, நிம்மதியாவா இருந்தேன்?" என்றார் பாய், கண் கலங்கி. "நான் ஊதுறேன், நீ எடுக்க மாட்டேங்குற. இவரு பழைய கண்டக்டர நெனைச்சுக்கிட்டு என்னைய பிடிக்காம முறைச்சுக்கிட்டு இருக்காருன்னு நெனைச்சேன். கண்ணாடியில வேற நிமிசத்துக்கு ஒரு தடவ என் மூஞ்சியவே பாக்குற. பல்லக் கண்டுபிடிச்சுட்டாருன்னு வாயைத் தொறக்கவே பயம் மாப்ள!"

அப்புறம் சிரித்தோம் பாருங்கள், டீக்கடைக்காரர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து என்னவென்று விசாரித்தார். சத்தியம் பண்ணியிருக்கிறேனே, சொல்லவில்லை. பல் டாக்டர் செட்டை இறுக்கித் தரும்வரை விசில் வேண்டாம், பஸ் தகரத்தில் கையால் அடிப்பது என்று பேசி முடித்தோம். ஓர் அடி என்றால் நிறுத்து, இரண்டு அடி என்றால் எடு.

அடுத்த நாள் காலையில் சிம்மக்கல்லில் வண்டியை எடுத்தேன். பட் பட் என்று தகரம் இரண்டு தடவை சொன்னது. பழைய விசில் அளவுக்கு அது சுத்தம் இல்லை, ஆனால் காதில் விழுந்தது. நான் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ரோடு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இத்தனை நாளும் எத்தனை போர்டுகளை, எத்தனை மனுசர்களைப் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறேன் என்று ஆச்சரியமாக இருந்தது. விளாங்குடியில் அந்தப் பூக்கார அம்மா கூடையோடு ஏறினார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, எனக்குப் பின்னால் முதல் சீட்டிலேயே உட்கார்ந்தார். காவல் காக்க வந்த மாதிரி இருந்தது.

பரவை மார்க்கெட் நெருங்கும்போது, எதிரே ஒரு லோடு ஆட்டோ மேட்டில் ஏறித் திரும்பியது. அதிலிருந்து ஒரு வெங்காய மூட்டை சரிந்து ரோட்டில் விழுந்தது. விழுந்த மூட்டையைத் தூக்க ஒரு லோடுமேன், இடது வலது பார்க்காமல், என் வண்டிக்கு நேர் முன்னால் குதித்தார்.

இதை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது! நடந்தபோது நேரமே ஆகவில்லை. என் கால் பிரேக்கில் இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. பள்ளம் இல்லை. வண்டி முக்கி, குலுங்கி, நின்றது. பம்பருக்கு முன்னால் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்த மனுசர் மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்து, பஸ்ஸின் முகப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

குழம்புத் தூக்கு அலுங்காத பிரேக் இல்லை அது. உள்ளே எல்லாரும் முன்னால் வந்து மோதினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று பின்னாலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து, கியர் பெட்டிப் பக்கத்தில் நின்றது.

பூக்கார அம்மா குனிந்து பார்த்தார். "ஆத்தாடி! யாரு பல்லுப்பா இது?" என்றார்.

நான் கண்ணாடியில் பாயைப் பார்த்தேன். கையால் வாயை மூடிக்கொண்டு, கம்பியோடு கம்பியாக நின்றார். இவ்வளவு நாளாக அவர் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது, அதுவும் காலேஜ் பிள்ளைகள் நிறைந்த வண்டியில். யாராவது சிரித்தால் எழுந்து போய் அடித்துவிடுவது என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் கையை எடுத்தார். நடந்து முன்னால் வந்தார். "என்னுதுதான்மா, குடுங்க" என்று பொக்கை வாயால் சொன்னார். அந்த அம்மா ஒரு வாழையிலைக் கிழிசலில் செட்டை எடுத்து, மாலையை வைத்துக் கொடுப்பது போல அவர் கையில் வைத்தார்.

"பல்லு போனா கட்டிக்கலாம் பாய்" என்றார். "அங்க குத்த வச்சிருந்தாரே, அவரு பொண்டாட்டிகிட்ட போயி கேளுங்க, எது பெருசுன்னு." பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "இன்னிக்குத்தேன்பா உனக்குக் கண்ணு முன்னாடி வந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பிள்ளை கைதட்டியது, அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். எனக்காகவா, பாய்க்காகவா என்று தெரியவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொண்டேன், ரோடு தெரிய வேண்டுமே.

பாய் பல் செட்டைச் சட்டைப் பையில் போட்டார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. பின்படிக்குப் போனார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, பல் இல்லாத வாயில் உதட்டால் இறுகக் கவ்வி, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினார். இரண்டு விசில். பரவை மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து முதல் கியரைப் போட்டேன்.